ஒரு பொருள், ஒரு நாடு

பிறந்த மண்ணுக்கு விலை கிடையாது என்று சொல்பவர்கள் மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் பக்கம் வந்ததில்லை. அங்கே அதன் விலை எண்பது சென். ஆயிரமாக எடுத்தால் அறுபத்தைந்துக்கு இறக்கித் தருவார்கள். பெருவிரல் அகலத்தில் ஒரு வெள்ளிக் காகித வில்லை, பின்னால் பசை, முன்னால் ஒரு நாட்டின் பெயர். ஜப்பான் நன்றாகப் போகும். தாய்லாந்தும் பரவாயில்லை. யாரோ சொன்னார்கள் என்று சுலோவேனியா என்று அச்சடித்த வில்லையில் ஒரு கட்டு வாங்கிவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்க மாயாண்டி இரண்டு மாதம் அலைந்தார்.

"நாட்ட வாங்கிட்டுப் புடிக்கலன்னா மாத்திக் கொடுக்க முடியாதுலா அங்கிள். இது என்ன செருப்பா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

எந்தப் பொருள் எந்த நாடு என்று காட்ட ஒட்டும் இந்த வில்லைகளை விற்பது மூலநாட்டு உறுதி வாரியம். ஈப்போவில் மூன்று மாடிக் கட்டடம். அதன் லிஃப்டில் ஐந்து நாட்டுப் பாகங்கள் இருப்பதாகத் தெரியவந்ததும் அதை ஐந்தாக வெட்டி ஐந்து அலமாரிகளில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லோரும் படியேறித்தான் போக வேண்டும். "இப்ப அந்த லிஃப்ட்டுல ஒளிவு மறைவே இல்ல" என்று வாசலில் இருந்த காவலாளி பெருமையாகச் சொன்னார்.

மாயாண்டிக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷமாகப் போத்தோங் கடை வைத்திருக்கிறார். போத்தோங் என்றால் மலாயில் வெட்டு. ஜப்பானில் ஓடி ஓய்ந்த கார்களை அங்கேயே இரண்டாக அறுத்து, முன்பாதியைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். முழுசாக வந்தால் அது கார். பாதியாக வந்தால் சாமான். அந்தப் பாதிகளை வாங்கிப் பிரித்து எஞ்சின், கியர்பாக்ஸ், விளக்கு என்று விற்பதுதான் பிழைப்பு. ஆகவே வெட்டுப்பட்ட இரும்பைப் பார்த்து மயங்கி விழும் ஆளில்லை அவர். ஆனால் அவர் வெட்டியது விற்பதற்காக. வாரியம் வெட்டியது கொள்கைக்காக. கொள்கைக்காக வெட்டுகிறவனிடம் பேரம் படியாது என்பதை அவர் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

முதல் சோதனைக்கு வாரியத்தின் மாநிலத் தலைவரே வந்தார். துவான் சிவசுப்பிரமணியன்; ஐயா என்பதற்கு அங்கே துவான் என்பார்கள். முப்பத்து நான்கு டிகிரி வெயிலில் கோட்டு. மேடையில் பேசுகிற தமிழைத்தான் அவர் தண்ணீர் கேட்கும்போதும் பேசுவார். கூடவே அஸ்வான் என்கிற வெட்டு அதிகாரி, ஒரு கையில் சம்மட்டி, மறு கையில் கிரைண்டர். பழைய ரப்பர் தோட்டங்களை அழித்தபோது மரம் சாய்க்கும் வேலையில் இருந்தவன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். ஒவ்வொரு உத்தரவையும் சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொள்வான்.

தலைவர் ஒரு முன்விளக்கைச் சுட்டினார். "இது எந்த நாடு?"

"ஜப்பான், துவான்."

"உள்ளே இருக்கும் பல்ப்?"

"பல்ப்பு வந்து... ஜெர்மனி."

"பல்பைப் பிடித்திருக்கும் சட்டம்?"

"தாய்லாந்து போல."

"'போல' என்றொரு நாடு எங்கள் பட்டியலில் இல்லை. ஒரு பொருள், ஒரு நாடு. அஸ்வான்!"

சம்மட்டி இறங்கியது. அஸ்வான் சிதறியதைப் பொறுக்கி மூன்று குவியலாக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வில்லை ஒட்டினான். இரண்டு ரிங்கிட் நாற்பது சென்னுக்கு ரசீது கிழித்தான்.

மாயாண்டி குவியல்களைப் பார்த்தார். "துவான், இப்ப இது லைட்டு இல்லியே."

"திரு மாயாண்டி, முன்பு அது வெளிச்சம் கொடுத்தது, ஆனால் பொய் சொன்னது. இப்போது வெளிச்சம் கொடுக்காது, ஆனால் ஒவ்வொரு துண்டும் உண்மை பேசுகிறது. ஒரு தேசத்துக்கு எது முக்கியம்?"

வெளிச்சம் என்று மாயாண்டிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அஸ்வான் இன்னும் சம்மட்டியைக் கீழே வைக்காததால் விழுங்கிக்கொண்டார்.

போவதற்கு முன் தலைவர் சட்டத்தை வாசித்துக் காட்டினார். வெட்டும் கிரைண்டருக்கு மின்சாரம் கடைக்காரரே தர வேண்டும். வெட்டுத் தொடங்கிய பிறகு யாராவது சுவிட்சை அணைத்தால், ஒன்பதாம் பிரிவின்படி இரண்டு வருஷம் உள்ளே. தலைவர் தம் கைப்பட ஒரு உள்நாட்டுச் சான்று எழுதிக் கொடுத்தால் மட்டும் அணைக்கலாம். வாய்வார்த்தை செல்லாது, அது பதின்மூன்றாம் பிரிவு. அப்படியொரு சான்று பேராக் மாநிலத்தில் இதுவரை எழுதப்பட்டதில்லை என்பதையும் அவர் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

அந்த மாதம் ஜெலாப்பாங்கில் கடைக்குக் கடை ரத்தம். எதிர்க்கடை முதலாளி லோ தாவுக்கேயின் ஷாக் அப்சார்பரை அழுத்தம் இறக்காமல் அறுத்தார்கள். உள்ளிருந்த தண்டு கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போய், வெளியே நின்ற வாரியத்து வேனின் கண்ணாடியில் செருகி நின்றது. தண்டு தைவான், கண்ணாடி இந்தோனேசியா. இரண்டும் கலந்துவிட்டதால் வேனின் முன்பக்கத்தை அங்கேயே அறுத்து எடுத்தார்கள். இன்னொரு கடையில் ஒரு துணை அதிகாரி காற்றுப்பையின் ஊரைப் படிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஸ்குரூடிரைவரால் நெம்பினார். பை வெடித்தது. தாடை இடது காதுப் பக்கம் நகர்ந்துவிட்டது. இனிமேல் தெளிவாகப் பேச வராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரியம் அவரைத் தன் அதிகாரபூர்வப் பேச்சாளராக உயர்த்தியது. கிரைண்டர் வட்டு உடைந்து பறந்ததில் அஸ்வானுக்கே காது நுனி போயிற்று. அவன் அதைத் தரையில் தேடி எடுத்து, துடைத்து, 'மலேசியா' என்று வில்லை ஒட்டி, உறையில் போட்டு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். சுற்றறிக்கையில் அவனைப் பாராட்டியிருந்தார்கள்.

மாயாண்டி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். உடைந்த விளக்கு, அறுந்த ரேடியேட்டர், எட்டு நாடாகப் பிரிந்த ஆல்டர்னேட்டர். வியாபாரத்தில் சில மாதம் அப்படித்தான். ஆனால் கடையின் பின்புறம் சாக்குப் போட்டு மூடிய ஒரு எஞ்சின் இருந்தது. அதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

அது டயாலிசிஸ் வேனுக்கு வாங்கியது. சுங்கை சிப்புட்டைத் தாண்டி, பழைய தோட்டத்துக் குடியிருப்பில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், ஆறு பேருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரைக்கு ஒரு வேன் அவர்களை ஈப்போவுக்கு அள்ளிக்கொண்டு போய், ரத்தத்தைக் கழுவி, திரும்பக் கொண்டுவந்து விடும். வெள்ளிக்கிழமை திரும்பி வரும் வழியில் வேனின் எஞ்சின் இறுகிப்போயிற்று. கிராப் வாடகைக் காரைக் கூப்பிட்டால் தோட்டத்துப் பாதை என்று தெரிந்ததுமே ரத்து செய்துவிடுகிறான். திங்கட்கிழமைக்குள் இந்த எஞ்சினை வேனில் பூட்டவில்லை என்றால் ஆறு உடம்பிலும் தண்ணீர் ஏறும். அடுத்த முறை போகும்போது ஆறு பேர் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி மாயாண்டியின் அக்கா இருளாயி.

சனிக்கிழமை காலை எஞ்சினை ஏற்ற லாரி வந்தபோது அதிலேயே அக்காவும் வந்து இறங்கினாள். "ஏத்துறத என் கண்ணால பாக்கணும்டா. நீ கடைசி நேரத்துல எவனாச்சும் நூறு வெள்ளி கூடக் கேட்டான்னு வித்துருவ."

"ஏன்க்கா இப்படிப் பேசுற?"

"ஒன்னத் தூக்கி வளத்தவ நானு. ஒன் புத்தி எனக்குத் தெரியாதா?"

லாரியின் பின்னாலேயே வாரியத்தின் வேன் வந்து நின்றது, முன்பக்கம் இல்லாமல். தலைவர் இறங்கினார், பேச்சாளர் இறங்கினார், ஒரு காதில் கட்டோடு அஸ்வான் இறங்கினான். சாக்கை உருவினார்கள்.

"பதினெட்டு நாடுகள்" என்றார் தலைவர், எஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு. குரலில் ஒரு பசி இருந்தது. "ஒரே உடம்புக்குள் பதினெட்டு நாடுகள் சத்தமில்லாமல் ஒத்துழைத்துக்கொண்டிருக்கின்றன. இதைவிட ஆபத்தான பொருளை நான் கண்டதில்லை."

மாயாண்டி கையைத் தேய்த்துக்கொண்டு கிட்டே போனார். "துவான், இது ஆஸ்பத்திரி வேனுக்கு வாங்குனது. திங்கக்கெழம ஓடணும். ரெண்டு நாள் தவண குடுங்க."

"தவணையில் வெட்டுவது எங்கள் வழக்கமல்ல."

"சரி, பதினெட்டுத் துண்ட ஆறா எறக்குங்க. நானும் எறங்கி வாரேன். அந்த மூலையில மூணு கியர்பாக்ஸ் கெடக்கு, எல்லாத்தையும் நீங்களே எடுத்து உடைங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். வில்லைக்கும் காசு கட்டிருவேன்."

"பதினெட்டு."

"அட, ஒம்போதுலா துவான்!"

"திரு மாயாண்டி, நாம் மீன் வாங்கவில்லை." தலைவர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு அந்த இடத்தில் ஒரு மேடை முளைத்துவிடும். "கலப்பு என்பது ஒரு வன்முறை. நாங்கள் வெட்டித்தான் அதைச் சாந்தப்படுத்துகிறோம். இதில் நோயாளி, ஏழை, தெரிந்தவர் என்று விதிவிலக்குக் கிடையாது. விதிவிலக்கு என்பதே ஓர் அந்நியப் பொருள். நாளைக்கு நானே கலப்பு என்று தெரிந்தால், வெட்டு என்னிடமிருந்தே தொடங்கட்டும்! அஸ்வான், குறித்துக்கொள்."

அஸ்வான் குறித்துக்கொண்டான். பிறகு கிரைண்டரின் வயரைச் சுவரில் சொருகினான்.

இருளாயி போய் எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தாள். போகிற போக்கில் வேலைமேசையில் கிடந்த வீல் ஸ்பேனரையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இறங்குங்கள். ஆள் எங்கே முடிகிறது, எஞ்சின் எங்கே தொடங்குகிறது என்று நாங்கள் குறிப்பெழுத வேண்டியிருக்கும்."

"எழுதிக்க."

தலைவர் பேனாவை எடுத்தார். "பிறந்தது?"

"தோட்டத்துல."

"எந்த நாட்டில்?"

"தோட்டத்துலன்னு சொன்னேன்ல."

"அந்தத் தோட்டம் இப்போது எங்கே?"

"எங்க இருக்கு? வீடு கட்டி வித்துப்புட்டானுங்க. நாங்க பேர் குடுக்க நின்ன பெரட்டுக்களத்துல இப்ப நீச்சல் கொளம் இருக்கு. வேணும்னா அதப் போயி ரெண்டா வெட்டிட்டு வா."

"ரத்தம்?"

"வாரத்துல மூணு தடவ வெளிய எடுத்து, மிசின்ல சுத்திக் கழுவி, உள்ள விடுறாங்க."

தலைவரின் கண்கள் விரிந்தன. "இயந்திரம் எந்த நாடு?"

"ஜெர்மனிக்காரன்துன்னு ஊசி போடுற மிஸ்ஸி சொல்லும்."

"வடிகட்டி?"

"ஜப்பானு."

"அம்மா, வருந்துகிறேன். தங்கள் ரத்தம் வாரம் மூன்று முறை ஜெர்மனியில் கணிசமான மாற்றத்துக்கு உள்ளாகிறது. எலும்பு, இல்லாத ஒரு தோட்டம். இடையில் ஜப்பான். தாங்கள் மூன்று நாடு."

"நீ எத்தன நாடுடா?"

அதைக் காதில் வாங்காமல் தலைவர் ஒரு வில்லையை உரித்தார். ஜெர்மனி. அவளுடைய இடது கையைப் பற்றி, முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்துக் கிடந்த இடத்தில் அழுத்தி ஒட்டினார்.

டயாலிசிஸ் போகிறவர்களின் அந்தக் கையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஊசி போகும் வழி அதுதான். அது கெட்டால் ஆளும் போய்விடும். தூங்கும்போதுகூட இருளாயி அந்தக் கையைத் தலையணை மேல் தனியாக வைத்துத்தான் தூங்குவாள். அதை அவள் தலைவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. வலது கையால் வீல் ஸ்பேனரை வீசினாள்.

முதல் அடியில் முன்பல் இரண்டு போயின. இரண்டாவது அடி தோளில். தலைவர் பின்னால் சாய்ந்து, தரையில் கிடந்த ஒரு பாதிக் காரின் அறுத்த விளிம்பில் வலது முழங்காலைக் கொடுத்து விழுந்தார். கால்சட்டை கிழிந்தது. அதற்குள் இருந்த ஒரு பழைய தையல் தழும்பும் வாய் பிளந்தது. ரத்தம் பீறிட்டு எஞ்சின் முழுக்கத் தெளித்தது. பிளந்த இடத்துக்குள்ளே ஏதோ பளபளத்தது.

அஸ்வான் மண்டியிட்டான். எண்ணெய்த் துணியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் படித்தான். "சுவிட்சர்லாந்து."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"அறுவைச் சிகிச்சை!" என்றார் அவர், வாயிலிருந்து ரத்தம் ஒழுக. "இரண்டு வருஷத்துக்கு முன்னால் பினாங்கில் வைத்தது! ரசீது இருக்கிறது!"

"சுத்தி இருக்கிற எலும்பு எந்த ஊரு, துவான்?"

"பாகான் செராய்! இதே பேராக்தான்! நான் பாகான் செராய்க்காரன்!"

அஸ்வான் நோட்டை எடுத்தான். இரண்டு பக்கம் பின்னால் புரட்டினான். "ரெண்டு நாடு துவான். 'என்னிடமிருந்தே தொடங்கட்டும்'. காலையில பத்து இருபதுக்குச் சொல்லியிருக்கீங்க." தலைவரின் கணுக்காலில் ஏறி உட்கார்ந்து கிரைண்டரைப் போட்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. விளக்கை உடைத்தபோது இருந்த அதே முகம்தான்.

பேச்சாளர் ஓடிவந்து கையை ஆட்டி ஏதோ கத்தினார். நிறுத்தச் சொல்கிறாரா, நடத்தச் சொல்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. வட்டு உலோகத்தில் பட்டது. தீப்பொறி கூரைவரை எழுந்தது.

"மாயாண்டி! சுவிட்சை அணையுங்கள்!"

மாயாண்டி அப்போதே சுவிட்சின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "ரெண்டு வருஷம் துவான். ஒம்போதாம் பிரிவு."

"நான் மன்னிக்கிறேன்!"

"வாய்வார்த்த செல்லாது. பதிமூணாம் பிரிவு. உள்நாட்டுச் சான்று ஒன்னு எழுதிக் குடுங்க. இந்த எஞ்சினுக்கு."

"எஞ்சின் உள்நாடு இல்லையே!" அந்த நிலையிலும் கொள்கை தலையைத் தூக்கியது. வட்டு கொஞ்சம் இறங்கியது. "பாதி! பாதி எஞ்சினுக்கு எழுதுகிறேன்!"

"பாதி எஞ்சின் ஓடாது துவான். பாதி முட்டியும் அப்படித்தான்."

"சான்றிலிருந்து கியர்பாக்ஸை மட்டும் விட்டுவிடுங்கள்!"

"சேத்துத்தான். பிரிச்சு விக்கிறதில்ல."

உலோகச் சத்தம் மாறியது. வட்டு எலும்புக்கு வந்துவிட்டதென்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வாசனையும் வந்தது, எலும்புத் தூளும் எஞ்சின் பக்கம் பறந்தது. தலைவரின் மேடைத் தமிழ் அத்தோடு அறுந்தது.

"ஐயோ! அண்ணே! மாயாண்டி அண்ணே! எழுதித் தாரேண்ணே! முழுசா எழுதித் தாரேன்! பைல இருக்கு ஃபாரம், சீக்கிரம் எடுண்ணே!"

ஃபாரம் வந்தது. பேனா ரத்தத்தில் வழுக்கியது. காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதினார்: 'பொறுப்புள்ள அலுவலர் ஒருவரின் உள்நாட்டு ரத்தம் இப்பொருளின் மீது போதுமான அளவு சிந்தப்பட்டுள்ளதால், இது மலேசியப் பொருளாகக் கணிசமாக மாற்றமடைந்துள்ளது.' கையெழுத்தும் போட்டார்.

மாயாண்டி வாங்கிப் படித்தார். படிக்காமல் எந்தக் காகிதத்தையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. இன்னொரு முறையும் படித்தார். தேதி விட்டுப்போயிருந்தது, அதைப் போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு அக்காவைப் பார்த்தார். "போன மாசம் உடைச்சாங்களே ஹெட்லைட்டு, அதுக்கும் சேத்துக் கேட்டுப் பாக்கட்டா?"

"போதும்டா. ஆளு செத்துக்கித்து வச்சிரப்போறான்."

சுவிட்சை அணைத்தார்.

எஞ்சின் லாரியில் ஏறியது. ஞாயிறு முழுக்க வேலை நடந்தது. திங்கட்கிழமை ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. போன ஆறு பேரும் மத்தியானம் கழுவிய ரத்தத்தோடு வீடு திரும்பினார்கள். எஞ்சினில் லேசாக ஒரு கரகரப்பு இருப்பதாக டிரைவர் சொன்னார். ஓடுகிறதா இல்லையா என்று மாயாண்டி கேட்டார். ஓடுகிறது என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தலைவர் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். பல் இல்லாததால் பேச்சாளர் அவர் சார்பில் பேசினார். அச்சில் வந்தது என்னவென்றால், கொள்கை வென்றது, ஒரு முழங்கால் இரண்டு நாடுகளாகத் தெளிவாகப் பிரிக்கப்பட்டது, அஸ்வானுக்குப் பதவி உயர்வு. இருளாயியின் மீது வழக்குப் போட முடியவில்லை. ஸ்பேனர் எந்த நாடு என்பதில் வாரியத்துக்குள் இரண்டு கருத்து இருந்ததால், அதை நான்காக வெட்டிப் பார்த்தார்கள். பிறகு அது ஸ்பேனர் என்று நிரூபிக்க ஆளில்லை.

இரண்டு வாரம் கழித்து மாயாண்டியின் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எஞ்சின் உறையின் இடுக்கில் காணப்பட வாய்ப்புள்ள அரசு உடைமையைப் பற்றியது. எஞ்சினின் ஆயுள் முடியும் நாளில் அதைப் பிரித்து, கீழ்க்காணும் பொருளைச் சுத்தம் செய்து, உரிய வில்லையோடு வாரியத்தில் ஒப்படைக்குமாறு கேட்டிருந்தார்கள். அக்காவுக்குப் படிக்க வராததால் மாயாண்டி சத்தமாக வாசித்துக் காட்டினார்.

'செயற்கை மூட்டும் அதைச் சார்ந்த எலும்பும், வெட்டுக்கு முன்: 412 கிராம்.

மீட்கப்பட்டு வில்லை ஒட்டப்பட்டது, சுவிட்சர்லாந்து: 338 கிராம்.

மீட்கப்பட்டு வில்லை ஒட்டப்பட்டது, மலேசியா: 61 கிராம்.

தங்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி, பாகான் செராய்: 13 கிராம்.'